துடைக்க ஒன்றுமில்லாத ஒரு மணி நேரம்

நவம்பர் 24

அன்புள்ள ஓர்ஃபா அக்காவுக்கு,

ஆண்டவரின் கிருபை உன் வீட்டில் நிறைந்திருக்கட்டும். அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நாங்கள் ஆறு பேரும் சேதமில்லாமல் வந்து சேர்ந்தோம். பசுக்கள்தான் லாரியில் ஏற்றிவந்த கோபத்தில் இன்னும் பாலைக் குறைத்துத் தருகின்றன.

நியூயார்க் என்றதும் நீ என்ன நினைத்தாயோ, இது அந்த மாநிலத்தின் வடகோடி. களிமண்ணும் காற்றும்தான். இந்த வீட்டை எங்களுக்கு விற்ற, நம் சபையைச் சேராத வெளியார் அம்மாள் சாவி கொடுக்கும்போது கேட்டாள்: "நீங்க ஆமிஷ்காரங்களாச்சே, உங்க சபைக் கட்டுப்பாட்டுப்படி கரண்ட் இல்லாம இந்தக் குளிரை எப்படித் தாங்குவீங்க?" எனக்கும் அதே சந்தேகம்தான், சொல்லவில்லை. எர்வின் சுவர்களிலிருந்து மின்கம்பிகளைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார். போகிற இடமெல்லாம் சுண்ணாம்புத் தூள்.

இங்கே சபையில் எங்களைத் தவிரப் பன்னிரண்டே குடும்பங்கள். அதனால் வீட்டில் ஆராதனை நடத்தும் முறை சீக்கிரம் சுற்றி வருகிறது. மார்ச்சில் நம் வீட்டில் சபை கூடும் என்று பிஷப் ஈனோஸ் சொல்லிவிட்டார். பெட்டிகளையே இன்னும் பிரிக்கவில்லை, அதற்குள் ஆராதனைக்குப் பெஞ்சு ஏற்றிவரும் வண்டி வாசலில் வந்து நிற்கிற மாதிரி எனக்குக் கனவு வருகிறது.

நம் ஒஹையோ வீட்டை எர்வின் வாடகைக்குத்தான் விட்டிருக்கிறார் என்பது உனக்குத் தெரியும். "பாத்துக்கலாம் மலிந்தா. ஒத்துவரலைன்னா திரும்பிடலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நாளை ஓட்டுகிறேன். சந்தோஷமாக இருக்கிறாயா என்று கேட்டிருந்தாய். அதற்கு நேரம் கிடைத்ததும் எழுதுகிறேன்.

உன் தங்கை
மலிந்தா


டிசம்பர் 12

என் செல்லத் தங்கை மலிந்தாவுக்கு,

இயேசுவின் நாமத்தில் வாழ்த்து. இங்கே எல்லோரும் சுகம். என் முழங்கால் மழை வருவதை உன் அத்தானுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அந்த மட்டும் அதனால் லாபம்.

சந்தோஷத்துக்கு நேரம் கிடைத்ததும் எழுதுவாயாமே. வேலை முடிந்தபின் வரட்டும் என்று அதை வாசலில் நிறுத்தி வைத்தால் அது குளிரில் விறைத்துப் போகாதா? எப்போதும் மகிழ்ந்திருங்கள் என்று எழுதிய அப்போஸ்தலர் அதைச் சிறையில் சங்கிலியோடு உட்கார்ந்துதான் எழுதினார். உனக்குச் சங்கிலி இல்லை, பெட்டிகள்தான்.

இரண்டு சகோதரிகள் வீட்டுக்கு ஆண்டவர் வந்த கதையை ஒரு தரம் படி. போன வாரம் பன்றி வெட்டினோம். தொத்திறைச்சி சுற்றும்போது நீ இல்லாமல் கை ஓடவில்லை. உன்னைப்போல வம்பு பேச இங்கே ஆள் இல்லை.

தினமும் உனக்காக ஜெபிக்கும்
ஓர்ஃபா


ஜனவரி 6

அன்புள்ள அக்கா,

புது வருடத்தில் ஆண்டவர் உன் வீட்டைக் காப்பாராக. இங்கே பிள்ளைகள் நால்வருக்கும் மாறி மாறிக் காய்ச்சல், இப்போது தேவலை.

அந்த இரண்டு சகோதரிகள் கதையைத் தயவுசெய்து எனக்கு எழுதாதே. நான் சமையலறையில் நின்றவள் கட்சி. அவள் அடுப்பை விட்டு வந்து காலடியில் உட்கார்ந்திருந்தால் அன்றைக்கு யார் சாப்பிட்டிருப்பார்கள்? அதை எந்தப் பிரசங்கியாரும் சொல்வதில்லை.

கோபித்துக்கொள்ளாதே. ஜெபிக்க முழங்காலிட்டால் அடுத்து எதைத் துவைக்க வேண்டும் என்றுதான் ஞாபகம் வருகிறது. 'ஆமென்' சொல்லி எழும்போது ஒரு சோப்புக் கட்டி தீர்ந்துபோனது மட்டும் நினைவிருக்கிறது. முன்பெல்லாம் பாத்திரம் கழுவும்போதே பாட்டு வரும். இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு கழுவுகிறேன்.

எர்வின் மட்டும் இல்லாவிட்டால் நான் என்றைக்கோ நடந்தே ஒஹையோவுக்கு வந்திருப்பேன். உறைந்த பம்பைத் தினமும் விடியலில் வெந்நீர் ஊற்றி இளக்குகிறார். அடுப்பில் சுட்ட செங்கலைத் துணியில் சுற்றி என் கால்மாட்டில் வைக்கிறார். பேச்சுதான் குறைந்துவிட்டது, மனுஷருக்குக் களைப்பு. வசந்தம் வரட்டும், பிறகும் பிடிக்கவில்லை என்றால் திரும்பிவிடலாம் என்று நானே சொல்லப்போகிறேன். உனக்கு மட்டும் சொல்கிறேன்.

மலிந்தா


ஜனவரி 25

அன்புத் தங்கைக்கு,

ஆண்டவர் உன்னைத் தாங்குவாராக. பிள்ளைகளின் காய்ச்சல் விட்டது கேட்டு நிம்மதி. இங்கே அத்தானுக்கு இருமல், வெங்காயத்தைச் சுட்டு நெஞ்சில் வைத்துக் கட்டியிருக்கிறேன். பக்கத்தில் போக முடியவில்லை.

உன் வீட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். நிஸ்லி குடும்பம் நல்லபடியாகக் குடியேறிவிட்டது. வாடகைக்கு இருந்தபோது ஆணி அடிக்கவே பயந்தவர்கள், வாங்கியதும் முதல் வேலையாகச் சமையலறைக்குப் பச்சை அடித்துவிட்டார்கள்! எர்வின் அனுப்பிய விற்பனைக் காகிதத்துக்கு உன் அத்தான்தான் சாட்சி. எனக்கு முதலில் மனசு கேட்கவில்லை. பிறகு நினைத்தேன், என் தங்கை தைரியசாலி, திரும்பிப் பார்க்காமல் கலப்பையில் கை வைத்துவிட்டாள் என்று. உன் கடிதத்தில் திரும்பி வரும் யோசனை இருந்ததே, அதற்கப்புறம் இருவரும் பேசி முடிவெடுத்தீர்களா?

வில்மாவுக்கு ஒரு மேலங்கி தைத்து அனுப்பியிருக்கிறேன். எட்டு வயதுக்குப் பெரிதாக இருக்கும், வளர்ந்துவிடுவாள்.

ஓர்ஃபா


பிப்ரவரி 20

அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலம்தானே. மேலங்கி வந்தது. வில்மாவுக்குப் பிடித்திருக்கிறது.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. சபைக்காகச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறோம். மாடி அறைகளின் கூரையும் சுவரும் கழுவியாகிவிட்டது. ஜன்னல்களைக் கழற்றித் துடைத்தேன். அலமாரிகளின் பின்பக்கத்தையும் துடைத்தேன். அடுப்பைப் பிரித்துத் தேய்த்தேன். வீட்டில் எல்லோருக்கும் இடம் போதாது, பட்டறையில்தான் பெஞ்சு போட வேண்டும். அதன் தரையில் யாரோ பல வருடமாக எண்ணெய் சிந்தியிருக்கிறார்கள். மண்டியிட்டுச் சுரண்டுகிறேன். பழைய பாவம் மாதிரி, சுரண்டச் சுரண்ட உள்ளேயிருந்து இன்னும் வருகிறது.

பசுக்கள் நலம். சிவப்பி கன்று போட்டிருக்கிறது. கோழிகள் நலம்.

என்ன பச்சை? இலைப் பச்சையா, வெளிறின பச்சையா?

மலிந்தா


பிப்ரவரி 28

என் மலிந்தா,

கர்த்தர் நம் இருவர்மேலும் இரக்கமாயிருப்பாராக. உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். கூரை இருக்கிறது, சுவர் இருக்கிறது, சிவப்பியும் அதன் கன்றும் இருக்கின்றன. கோழிகள்கூட நலமாம். எர்வின் மட்டும் இல்லை. மனுஷர் உயிரோடு இருக்கிறாரா?

அத்தானிடம் காட்டினேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "அவளுக்குத் தெரியாது, ஓர்ஃபா. அவன் அவகிட்ட சொல்லவே இல்ல" என்றார். உன் வீடு போன செய்தியைச் சமையலறைப் பெயின்ட்டோடு சேர்த்து வம்பு மாதிரி எழுதிவிட்டேனே! எப்படித் துடித்தாயோ. என்னைத் திட்டியாவது ஒரு வரி எழுது.

உங்கள் வீட்டில் கூடப்போவது சாதாரண சபை இல்லையே. திருவிருந்துக்கு முன்னால் சமாதானம் கேட்கும் ஞாயிறு. ஒவ்வொருவரிடமும் வந்து, தேவனோடும் சபையோடும் மனிதரோடும் சமாதானமா என்று கேட்பார்களே. நீ என்ன சொல்லப்போகிறாய்?

ஓர்ஃபா


மார்ச் 6

அன்புள்ள அக்கா,

உன்னைத் திட்ட என்ன இருக்கிறது? நீ எழுதியிருக்காவிட்டால் நான் இன்னும் அந்த வீட்டுக்கு மனசுக்குள் திரைச்சீலை தைத்துக்கொண்டிருப்பேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, கை மட்டும் சோப்பில் வெடித்திருக்கிறது.

வீடு விற்ற செய்தியோடு உன் கடிதம் வந்த அன்று அதைச் சாப்பாட்டு மேஜைமேல் அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். படித்தார். "ஆமா" என்றார். அவ்வளவுதான். காரணம் சொல்வார் என்று காத்திருந்தேன், அவர் நான் சத்தம் போடுவேன் என்று காத்திருந்தார் போலிருக்கிறது. இருவரும் செய்யவில்லை. அன்றிலிருந்து பேச்சு வில்மா மூலம் நடக்கிறது. "வில்மா, அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு." அவர் அதே அறையில் கை கழுவிக்கொண்டிருப்பார். "வில்மா, அம்மாகிட்ட உப்பு கேளு." பிள்ளை போஸ்ட்மாஸ்டர் மாதிரி சலிக்காமல் செய்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை என்ன சொல்வேன் என்று கேட்டாய். தெரியவில்லை. சமாதானம் என்றால் பொய். பொய்யோடு அந்த அப்பத்தைத் தொட எனக்குத் தைரியமில்லை. சமாதானம் இல்லை என்றால் அது தீரும்வரை திருவிருந்து தள்ளிப்போகும். பன்னிரண்டு குடும்பங்கள் காத்திருக்க வேண்டும், நேற்று வந்தவள் ஒருத்திக்காக. எர்வின் சபை முன்னால் தலை குனிய வேண்டும். அதையும் பார்க்க முடியாது, பாவி மனசு.

எனக்கு இப்போது சந்தோஷம்கூட வேண்டாம் அக்கா. ஆண்டவரிடம் முன்பு பேசின மாதிரி ஒரு தரம் பேசினால் போதும். வாயைத் திறந்தால் பச்சைச் சுவர்தான் தெரிகிறது. பட்டறைத் தரை இன்னும் ஒரு கை தேய்க்க வேண்டும்.

மலிந்தா


மார்ச் 12

அன்பான அக்கா,

தேவனுக்கு ஸ்தோத்திரம் என்று இந்தத் தரம் மனசாரச் சொல்கிறேன். உன் பதில் வரட்டும் என்று பொறுக்க முடியவில்லை, ஞாயிறு நடந்ததைக் கேள்.

சனிக்கிழமை சாயங்காலம் சமையலறைக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தேன். நம் ஊரில் ஒவ்வொரு மார்ச்சிலும் செய்வதுதானே. கோடை வெளிச்சத்துக்காக அரசாங்கம் மணியைத் தள்ளினால் நம் சபையும் கூடவே தள்ளிக்கொள்ளும். ஞாயிறு காலை எல்லாம் தயார். ரொட்டி அறுத்தாகிவிட்டது. வேர்க்கடலை விழுது, ஊறுகாய், பாலாடைக்கட்டி, எல்லாம் மூடி வைத்தாயிற்று. பட்டறையில் பெஞ்சுகள் நேராக நின்றன. எட்டே முக்காலுக்கு முதல் குதிரை வண்டி வரவேண்டும். வரவில்லை. எட்டு ஐம்பதுக்கும் சாலை காலி. ஒன்பது ஆனது, ஆராதனை தொடங்குகிற நேரம். ஒரு குளம்புச் சத்தம்கூட இல்லை.

தெரிந்துவிட்டது, என்று நினைத்தேன். பிஷப்புக்கு உதவியாக இருக்கும் டீக்கன் ரோமனின் மனைவி போன வாரம் சுத்தம் செய்ய உதவிக்கு வந்தாள், என் மூஞ்சியையும் வில்மாவின் தபால் சேவையையும் பார்த்தாள். சமாதானம் இல்லாத வீட்டுக்குப் போகவேண்டாம் என்று எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுத்துவிட்டார்கள். பைத்தியக்கார யோசனைதான். ஆனால் அப்போது அது சத்தியம் மாதிரி இருந்தது. தொழுவத்துக்கு ஓடினேன்.

"எர்வின்! யாருமே வரல. மணி ஒம்பதாச்சு, ஒருத்தர்கூட வரல. நம்மள ஒதுக்கி வச்சுட்டாங்க."

அவர் வரப்போகும் குதிரைகளுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"எட்டுதான் ஆகுது மலிந்தா. இந்த ஊர்ச் சபை மணியைத் தள்ளாது. வருசம் பூரா பழைய மணிதான்."

"உங்களுக்கு யாரு சொன்னா?"

"பிஷப் போன மாசமே சொன்னாரே."

"அதை என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"காலையில கடிகாரத்தைப் பாத்ததும் சொல்லலாம்னு வந்தேன். நீ வெளக்குமாத்தோட நின்ன." கொஞ்சம் தயங்கினார். "வில்மா வேற பக்கத்துல இல்ல."

அக்கா, அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தொழுவத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவரும் முதலில் பயந்து, பிறகு சிரித்தார். எங்கே சிரிப்பு நின்று அழுகை தொடங்கியது என்று எனக்கே தெரியாது. அவர் என் கையைப் பிடித்துப் பட்டறைக்குக் கூட்டிவந்தார். பெண்கள் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர் ஆண்கள் பக்கம் போகாமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

துடைக்க ஒன்றுமில்லை. மாதக்கணக்கில் அப்படி ஒரு நேரம் எனக்கு வாய்க்கவில்லை. கை இரண்டும் மடியில் கிடந்து தவித்தன. ஆண்டவரே, எல்லாம் துடைத்தாகிவிட்டது, இப்போது நான் என்ன செய்ய என்று கேட்டேன். ஜெபமாக நினைத்துக் கேட்கவில்லை, சலிப்பில் கேட்டேன். ஆனால் யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது தெரிந்தது. அது எனக்குப் போய் எத்தனை நாளாயிற்று தெரியுமா?

பிறகு வாயைத் திறந்தேன். "ஏன் வித்தீங்க?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தினம் பால் கறக்கும்போது மனசுக்குள்ள அந்த வீட்டுக்குத்தான் போயிக்கிட்டிருந்தேன். கிறிஸ்துமஸ் முடிஞ்சு ஒரு நாள் லாரிக்காரனைக் கூப்பிடப் பாதி தூரம் நடந்தே போயிட்டேன். அந்த வீடு இருக்கிற வரைக்கும் நான் இங்க ஏர் பிடிக்க மாட்டேன்னு தெரிஞ்சுபோச்சு. உன்கிட்ட சொன்னா, 'சரி, போயிடலாம்'னு சொல்லுவே. நானும் கிளம்பிடுவேன். அதான் பயம்."

"அது என் சமையலறை, எர்வின்."

"ஆமா. உன்னைக் கேக்காம வித்தது பாவம். மன்னிச்சுடு."

நான்தான் ஏக்கத்தில் கிடக்கிறேன், அவர் கல்லு மாதிரி இருக்கிறார் என்று நினைத்திருந்தேன். ஒரே கூரைக்கு அடியில் இருவரும் தனித்தனியாக ஊருக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்திருக்கிறோம். மன்னித்தேன் என்று சொன்னேன். சொன்னபோது முழுசாக இல்லை. அது அவருக்கும் தெரிந்தது. இருந்தாலும் மெதுவாகப் பாட்டை எடுத்தார். அவர் பாட்டெடுப்பவர் இல்லை என்பது உனக்குத் தெரியும், முதல் வரியிலேயே குரல் பிசகியது. நான் சேர்ந்துகொண்டேன். பிள்ளைகள் சத்தம் கேட்டு வந்து, ஆண் பெண் என்று பார்க்காமல் இடம் பிடித்து உட்கார்ந்தார்கள்.

அங்கேதான் வந்தது அக்கா. கோபம் போனபிறகு சந்தோஷம் வரும் என்று நான் வரிசைப்படி காத்திருந்தேன். கோபம் எழுந்து போகவில்லை. அது உட்கார்ந்திருக்கும்போதே சந்தோஷமும் வந்து அதே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தது. நெஞ்சு வலிக்கிற அளவுக்கு. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. வீடு திரும்பி வரவில்லை, களிமண் மாறவில்லை. ஆண்டவர் இங்கேயும் இருக்கிறார், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

அப்புறம் வண்டிகள் வந்தன, ஒன்றன்பின் ஒன்றாகப் பன்னிரண்டும். பிரசங்கங்கள் முடிந்து டீக்கன் ரோமன் பெண்கள் வரிசைக்கு வந்தார். எல்லோரும் வழக்கமான பதிலை முணுமுணுத்தார்கள். பிறகு என்னிடம் வந்தார்.

"சமாதானம் இருக்கு," என்றேன். "கோபமும் கொஞ்சம் இருக்கு. போய்க்கிட்டிருக்கு."

ரோமன் திகைத்து நின்றார். "இதை நான் ஆம்னு சொல்றதா, இல்லைன்னு சொல்றதா?"

"கேட்டபடியே சொல்லுங்க."

அவர் முன்னால் போய் பிஷப்பின் காதில் குனிந்தார். எர்வின் ஆண்கள் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார், தலை குனியவில்லை. பிஷப் ஈனோஸ் தாடியைத் தடவினார். பிறகு எழுந்து, சபை சமாதானமாக இருக்கிறது, இன்னும் இரண்டு வாரத்தில் திருவிருந்து நடக்கும் என்று அறிவித்தார். பாத்திரம் துடைக்கும்போது அவர் மனைவி என் பக்கத்தில் வந்து நின்றாள். "பொய் சொல்லத் தெரியாத ஒருத்தி நம்ம ஊருக்கு வந்துட்டான்னு சொல்றார் எங்க வீட்டுக்காரர். எச்சரிக்கையா பாராட்டான்னு எனக்கே தெரியல" என்றாள்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

மலிந்தா


மார்ச் 19

தங்கமே,

ஆண்டவர் நல்லவர். உன் கடிதத்தைத் துவைக்கும் கொட்டகையில் நின்று படித்தேன். துணி கொதித்துக் கரி பிடிக்கிற வாசனை வந்தபோதுதான் நிமிர்ந்தேன். அத்தானின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போயிற்று. அவர் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் போய்த் தனியாகப் படித்தார்.

உனக்கு நான் எத்தனை புத்திமதி எழுதினேன்! சந்தோஷம் வாசலில் விறைத்துப் போகும் என்றெல்லாம். எழுதிவிட்டு, நீ வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து அழுவேன். அதை மட்டும் எழுதமாட்டேன். உன் அக்காவுக்கும் கோபம் இருந்தது மலிந்தா, எர்வின்மேல்தான். உன்னைக் கூட்டிக்கொண்டு போனாரே. எங்கள் சபையில் அடுத்த ஞாயிறு கேட்பார்கள். உன் பதிலை இரவல் வாங்கிக்கொள்ளலாமா?

வெளிறின பச்சை. எனக்குப் பிடிக்கவில்லை.

ஓர்ஃபா


மே 12

மரியாதைக்குரிய ஓர்ஃபா அண்ணிக்கு,

எர்வின் எழுதுவது. இயேசுவின் நாமத்தில் வாழ்த்து. எல்லோரும் சுகம். அண்ணனுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

இன்று சபை இல்லாத ஞாயிறு. மலிந்தா உங்களுக்கு எழுத உட்கார்ந்தாள், அப்படியே நாற்காலியில் தூங்கிவிட்டாள். பகல் இரண்டு மணிக்கு அவள் தூங்கி நான் பார்த்ததில்லை. எழுப்ப மனசு வரவில்லை, அதனால் பேனாவை நான் எடுத்துக்கொண்டேன். எனக்கு எழுத வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருவிருந்து நல்லபடியாக முடிந்தது. ஓட்ஸ் விதைத்தாயிற்று. மழை அதிகம், கீழ்வயலில் பாதி அழுகிப்போகும் என்று பயமாக இருக்கிறது. வேலை போன வருடத்தைவிட இரண்டு மடங்கு. எல்லாம் நலம் என்று எழுதினால் பொய்யாகும், இந்த வீட்டில் இப்போது பொய் செல்லாது.

நாங்கள் சண்டை போடுகிறோம் அண்ணி. வாரத்துக்கு இரண்டு தரமாவது. பிள்ளைகள் நடுவில் இல்லாமல், நேருக்கு நேர். அதற்காகத் தினமும் முழங்காலில் நின்று ஸ்தோத்திரம் சொல்கிறேன்.

நேற்றைய சண்டையைச் சொல்கிறேன். சமையலறைக்கும் முன்னறைக்கும் நடுவில் வெளியார் கட்டிய சுவர் இருக்கிறது. அதை இடிக்க வேண்டும் என்றாள். வைக்கோல் அறுப்பு முடியட்டும், இலையுதிர் காலத்தில் பார்க்கலாம் என்றேன். பேசிக்கொண்டே இருந்தவள் சுத்தியலை எடுத்து நடுச்சுவரில் போட்டாள். தலை நுழைகிற அளவுக்கு ஓட்டை. வீடு முழுக்கச் சுண்ணாம்பு, அவள் தலையெல்லாம் வெள்ளை.

"உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? இப்ப என்ன அவசரம்?" என்று கத்தினேன்.

ஓட்டைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்னாள்: "அடுத்த தடவை நம்ம முறை வரும்போது எல்லாரும் வீட்டுக்குள்ள உக்காரணும்."

நான் போய் இன்னொரு சுத்தியல் எடுத்துவந்தேன்.

உங்கள்
எர்வின்